தராசு கேட்கும் ஒரே கேள்வி

என் வார்டுக்கு வரும் புது நர்ஸுகள் முதல் நாள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். "எந்த வார்டா இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான் சிஸ்டர்" என்பார்கள். சொல்லி முடிப்பதற்குள் முகம் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி ஆகிவிடும். ஆண்கள் எலும்பு முறிவு வார்டு என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வரும்? கட்டிலுக்குக் கட்டில் ஒரு கால் கயிற்றில் தொங்கும், கயிற்றின் மறுமுனையில் மணல் மூட்டை தொங்கும். கை கால் தவிர மற்றதெல்லாம் நன்றாக இருக்கிற ஆட்கள் என்பதால் வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது. இத்தனை பேரையும் கட்டி மேய்க்கிற பொறுப்பு என்னுடையது. நேரில் என்னைப் பெரிய சிஸ்டர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் இடி என்பார்கள். இரண்டுக்கும் நான் திரும்பிப் பார்ப்பேன்.

இந்தப் பெண் மட்டும் முதல் நாளே உள்ளதைச் சொன்னாள்.

"எனக்கு இந்த வார்டுல ஆசை இல்லை சிஸ்டர். பிறந்த குழந்தைங்க வார்டுக்குத்தான் போகணும். அங்க புதுசா படிச்சு வந்தவங்களை நேரா எடுக்க மாட்டாங்களாம். பெரியவங்க வார்டுல கொஞ்ச காலம் வேலை பார்த்துட்டு வரணுமாம். அதனால வந்திருக்கேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னடி, ரயில் வர்ற வரைக்கும் பிளாட்பாரத்துல உட்கார்ந்திருக்கிறவ மாதிரி பேசறே?"

"இருக்கிற வரைக்கும் பிளாட்பாரத்தைச் சுத்தமா வெச்சுக்கிறேன் சிஸ்டர்" என்றாள்.

திமிராகச் சொல்லவில்லை, நிஜமாகவே சொன்னாள். திட்ட வாயெடுத்த நான் துணி அலமாரிப் பக்கம் போய்விட்டேன்.

அவள் கேட்ட வார்டு எங்கள் தலைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. மாதம் நிறையாமல் பிறந்தவை, மூச்சுவிடத் திணறுபவை, உள்ளங்கையில் அடங்கிவிடுபவை எல்லாம் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்கும். அந்த வார்டின் பொறுப்பாளரும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள், விடுதியில் ஒரே அறை. அப்போதே நான் அவளுக்கு வைத்த பேர் தராசு. யாராவது வீட்டிலிருந்து கேக் கொண்டுவந்தால் இவள் வெட்டினால்தான் சண்டை வராது, துணுக்குவரை சமமாக இருக்கும். பேச்சும் அப்படித்தான். ஒரு சொல் அதிகமாக வராது, ஒரு சொல் குறையவும் குறையாது.

மாடியில் இடம் காலியானால் தராசு கீழ் வார்டுகளுக்கு ஃபோன் போடுவாள். பெண் கெட்டிக்காரியா, பொறுமைசாலியா, குழந்தைகள் என்றால் பிரியமா என்றெல்லாம் விசாரிக்க மாட்டாள். ஒரே ஒரு கேள்விதான். "அவ பண்ணின தப்பு ஒண்ணு சொல்லு." ஆஸ்பத்திரி முழுக்க இந்தக் கேள்வி பிரசித்தம். ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. ஒரு தடவை என் வார்டுப் பெண் ஒருத்தியைப் பற்றிக் கேட்டபோது நான் மறைக்காமல் சொன்னேன். அவள் மாத்திரை ஒன்றை மாற்றிக் கொடுத்ததையும், நான் தேடிப் பார்த்துப் பிடித்ததையும் அப்படியே ஒப்பித்தேன். "வேண்டாம்" என்று வைத்துவிட்டாள். அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. அரைத் துளி மருந்து கூடினாலும் தாங்காத உயிர்கள், அதனால் தப்புச் செய்யும் கை அவளுக்கு வேண்டாம். இனி யாரைப் பற்றிக் கேட்டாலும் தப்பே இல்லை என்று சொல்வதுதான் வழி என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

புதுப் பெண்ணுக்கு நோயாளிகள் வைத்த பேர் பஞ்சு. அவள் நடப்பது யாருக்கும் கேட்காது. மருந்து அலமாரியை மூடினால் சத்தம் வராது, தட்டை மேஜையில் வைத்தால் சத்தம் வராது. முழு வார்டும் ரேடியோ வைத்துக் கத்திக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் எதற்கு இப்படிப் பூனை நடை நடக்கிறாள் என்று கேட்டேன்.

"அந்தக் கண்ணாடிப் பெட்டி மேல ஒரு பாட்டிலை டக்குனு வெச்சாக்கூட உள்ள இருக்கிற குழந்தைக்குப் பெரிய சத்தமாக் கேக்குமாம் சிஸ்டர். கை இப்பவே பழகட்டும்னு பார்க்கிறேன்."

டீ நேரத்தில் மற்றவர்கள் ஊர்க்கதை பேசுவார்கள். இவள் இருப்பதிலேயே சின்ன ஊசிக்குழலை எடுத்துத் தண்ணீரை உறிஞ்சி, கோட்டுக்கு நேராக நிறுத்தி, வெளியே விட்டு, மறுபடி உறிஞ்சுவாள். மேலே பாலைக்கூட அப்படி அளந்துதான் கொடுப்பார்களாம். பைத்தியம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் டீ ஆறுவது தெரியாமல் நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாடியையே நினைத்துக்கொண்டிருப்பவள் கீழே வேலையில் கோட்டை விடுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏமாந்துபோனேன். மலை மாதிரி ஆட்களைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகு துடைப்பாள். மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று கரண்டிக் காம்பை விட்டுச் சொறிகிறவர்களிடமிருந்து கரண்டியைப் பிடுங்குவாள். வலியை வாய்விட்டுச் சொல்லாத வீரர்கள் சிலர் உண்டு. கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டு ஒன்றுமில்லை என்பார்கள். பஞ்சு அவர்களைக் கேட்கவே மாட்டாள். நெற்றியையும் மூக்கோரத்தையும் பார்த்துவிட்டு மருந்தோடு வந்து நிற்பாள். "சொல்லத் தெரியாதவங்களைப் பார்த்துப் பழகணும்ல சிஸ்டர்" என்பாள். மீசை வைத்த குழந்தைகள் என்று சொல்லி நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொள்வோம்.

எனக்கு அவள்மேல் ஆசை விழுந்துவிட்டது, அதை எதற்கு மறைக்க வேண்டும்? இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு பிள்ளை என் வார்டில் கால் வைத்ததில்லை. ஆபரேஷன் தியேட்டர் பயிற்சிக்கு உன் பேரைச் சொல்கிறேன், இங்கேயே இருந்துவிடு என்று ஆசை காட்டினேன். நல்ல வேலை, மரியாதை, ஒழுங்கான நேரம். யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள்.

நான் போதாதென்று அவள் அம்மா வேறு ஒருநாள் வார்டு வாசலுக்கே வந்துவிட்டார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறதாம், அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள நாளைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்களாம்.

"இவளுக்குக் குழந்தைங்கதானே வேணும்? அங்கயும் குழந்தைங்கதானே? நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க சிஸ்டர்."

பஞ்சு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க குழந்தைங்க எல்லாம் நல்லா இருக்கும்மா. அதுங்களுக்கு அதுங்க அம்மா போதும். மேல இருக்கிறதுங்களுக்கு அம்மா மட்டும் போதாது."

அந்த அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இதற்கு நடுவில்தான் அந்தத் தப்பு நடந்தது.

பஞ்சு விடுப்பு முடிந்து வந்த காலை அது. ஜன்னலோரக் கட்டில் ஒரு பஸ் டிரைவருக்கு. அவள் விடுப்பில் இருந்தபோது வந்து முட்டியில் ஆபரேஷன் ஆனவர், இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் வயிற்றில் ஒரு ஊசி உண்டு. பக்கத்துக் கட்டில் ஒரு பெயிண்டருக்கு. சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு முந்தின நாள்தான் வந்தவர், அன்றைக்குத்தான் அவருக்கு ஆபரேஷன். டிரைவருக்கு முகத்தில் வெயில் அடித்திருக்கிறது. மாறிப் படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார். பெயிண்டர் யார் எதைக் கேட்டாலும் ஆமாம், சரி என்று சொல்கிற மனிதர். சுற்றியிருந்ததில் நடக்க முடிந்த வீரர்கள் கைத்தாங்கலாகப் பிடித்து ஆளை மாற்றிப் போட்டுவிட்டார்கள். பேர் எழுதிய அட்டைகள் மட்டும் பழைய கட்டிலிலேயே தொங்கின. என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பின்னால் அத்தனை பேரையும் வறுத்தெடுத்தேன் என்பது வேறு விஷயம்.

பஞ்சு அட்டையைப் பார்த்தாள், டிரைவரின் பேரைச் சொல்லி, "நீங்கதானே?" என்றாள். அரைத் தூக்கத்தில் இருந்த பெயிண்டர் வழக்கம்போல, "ஆமாம்மா" என்றார். பேரை நாம் சொல்லக் கூடாது, அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும். மணிக்கட்டில் பேர் எழுதிக் கட்டிய கைப்பட்டையைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான், அவளுக்கும் தெரியும். அன்றைக்குச் செய்யவில்லை.

ஊசியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், டிரைவர் பக்கத்துக் கட்டிலில் சட்டையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்கிறார். "எனக்கு இன்னைக்கு ஊசி இல்லையாம்மா?"

அந்த இடத்தில் அவள் இன்னொரு ஊசியை எடுத்து அவருக்குப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஒரு ஈ காக்காய்க்கும் தெரிந்திருக்காது. நேராக என்னிடம் வந்தாள். நான் சலவைக்காரரோடு போர்வைக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். இரத்தம் உறையாம இருக்கிற ஊசியை, இன்னைக்கு ஆபரேஷனுக்குப் போறவருக்குப் போட்டுட்டேன். தியேட்டர்ல இருந்து வண்டி வந்திருச்சு, அதைத் திருப்பி அனுப்பணும்."

அந்த ஊசியோடு போய் முதுகில் மயக்க மருந்து போட்டால், உள்ளே இரத்தம் கசிந்து இரண்டு காலுமே விழுந்துபோகக்கூடும். ஓடிப்போய் வண்டியை நிறுத்தினேன். ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. பெரிய டாக்டர் வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். யார் போட்டது என்று கேட்டார். என் வார்டில் நடந்தது, எனக்குத்தான் பொறுப்பு, என்னைக் கேளுங்கள் என்று நானும் பதிலுக்குக் குதித்தேன். குதிப்பதில் நான் அவருக்குச் சளைத்தவள் இல்லை. கடைசிவரை அவள் பேரைச் சொல்லவில்லை.

பஞ்சு பெயிண்டரிடமும் தானே போய்ச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். ஆபரேஷனுக்காகப் பட்டினி கிடந்த மனிதர், "அப்ப இன்னைக்குச் சாப்பிடலாமா?" என்று மட்டும் கேட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அன்று முழுக்க அவர் பல்லீறில், சிறுநீரில், காயத்தில் இரத்தம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதினாள், அடுத்த ஷிஃப்டுக்கு வந்தவளிடமும் விளக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு யாருக்கு என்ன கொடுத்தாலும் முதலில் கைப்பட்டையைப் பிடித்துப் படிப்பாள். "ராத்திரியோட ராத்திரியா எனக்குப் பேர் மாத்திட்டாங்களான்னு பார்க்கிறியா?" என்று ஆட்கள் கிண்டல் செய்வார்கள். சிரித்துக்கொண்டே படித்து முடிப்பாள்.

பெயிண்டரின் காயம் ஆற நாளாயிற்று. அவர் இன்னும் வார்டில் இருக்கும்போதே மாடியில் ஒரு இடம் காலியானது.

எங்கள் வார்டு ஃபோனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காதில் வைத்தால் எதுவும் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால் வார்டு முழுக்கக் கேட்கும். அன்று மதியம் தராசின் குரல் கேட்டதும் ரேடியோவை யாரோ அணைத்துவிட்டார்கள். பஞ்சு துணி அலமாரி பக்கம் திரும்பி நின்று ஒரு போர்வையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"உன் பொண்ணு மேல வரணும்னு கேட்டிருக்கா. அவ பண்ணின தப்பு ஒண்ணு சொல்லு."

உள்ளதைச் சொன்னால் தராசு வேண்டாம் என்று வைத்துவிடுவாள், இவள் என்னோடேயே இருப்பாள். எனக்கு அதைவிட என்ன வேண்டும்? வாய்வரை வந்துவிட்டது. அந்தப் போர்வை மறுபடி பிரிவதைப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்லைடி. தங்கமான பொண்ணு. இதுவரைக்கும் ஒரு சின்னத் தப்புகூடக் கிடையாது" என்றேன்.

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லை."

"சரி" என்று வைத்துவிட்டாள். அந்தச் சரியில் எடையே இல்லை. காரியம் கெட்டது என்று எனக்குத் தெரிந்துபோனது, ஏன் கெட்டது என்றுதான் தெரியவில்லை.

பஞ்சு போர்வையை வைத்துவிட்டு வந்தாள். "சிஸ்டர், அன்னைக்கு நான் போட்ட ஊசி?"

"வாயை மூடு. அதைச் சொன்னா உன்னை மாடிப்படி ஏற விடுவாளா அவ? உனக்காகத்தான் மறைச்சேன்."

"உங்களுக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை சிஸ்டர்" என்றாள். ஃபோனை எடுத்து மாடியின் எண்ணை அழுத்தினாள். பிடுங்கப் போனேன். கட்டிலில் இருந்தபடியே டிரைவர், "விடுங்க பெரிய சிஸ்டர், புள்ளை பேசட்டும்" என்றார். என் வார்டில் என்னையே அதட்டுகிறார்! அந்த அதிர்ச்சியில் நின்றுவிட்டேன்.

"சிஸ்டர், நான் எலும்பு வார்டுல இருந்து பேசறேன். பெரிய சிஸ்டர் என்மேல இருக்கிற பிரியத்துல சொல்லாம விட்டுட்டாங்க. நான் ஒரு தப்பு பண்ணியிருக்கேன்." எல்லாவற்றையும் சொன்னாள். கட்டில் மாறியதைச் சாக்காகச் சொல்லவில்லை. பேரை நான் சொல்லிக் கேட்டேன், கைப்பட்டையைப் பார்க்கவில்லை என்று தன் பங்கைத்தான் சொன்னாள்.

"அந்த ஆள் நான்தாங்க!" என்று பெயிண்டர் ஃபோனைப் பார்த்துக் கத்தினார். "நல்லா இருக்கேங்க!"

"யாரது?" என்றாள் தராசு.

"அவர்தான் சிஸ்டர்."

"நீ ஊசி போட்டதை யாராவது பார்த்தாங்களா?"

"இல்லை சிஸ்டர்."

"அப்புறம் ஏன் போய்ச் சொன்னே?"

பஞ்சுவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "சொன்னாத்தானே சிஸ்டர் வண்டியை நிறுத்த முடியும்? அவரை யாராவது கவனிச்சுக்கிட்டே இருக்கணுமே. நான் சொல்லலைன்னா எதைக் கவனிக்கணும்னு அடுத்து வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்?"

நேர்மை, மனசாட்சி என்று பெரிய வார்த்தை ஒன்றுகூட அவள் வாயில் வரவில்லை. அவளுக்கு அந்த மனிதர்தான் கண்ணில் தெரிந்தார். இவ்வளவு நாள் கூடவே இருந்தும் இந்தப் பெண்ணை நான் பாதிதான் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

"இங்க வந்தா உடனே குழந்தையைக் கையில கொடுத்துடுவேன்னு நினைக்காதே" என்றாள் தராசு. "முதல்ல பெட்டி துடைப்பே. எடை பார்ப்பே. பால் அளப்பே. இங்க ஒருத்தரும் தன் பேரைச் சொல்ல மாட்டாங்க, கால்ல கட்டின பட்டைதான் பேசும். நீ தப்பு பண்ணாம இருக்கப் போறதில்லை, நானும்தான் பண்றேன். அதை நீயா வந்து சொல்லுவியான்னுதான் எனக்குத் தெரியணும். தெரிஞ்சிருச்சு. ஃபோனை அவகிட்டக் கொடு."

கொடுக்க என்ன இருக்கிறது, வார்டே கேட்டுக்கொண்டிருக்கிறது. நான் கொஞ்சம் கிட்டப் போய் நின்றேன்.

"முன்னாடி ஒருத்தியைப் பத்தி நீ உள்ளதைச் சொன்னே. அது நீ தேடிக் கண்டுபிடிச்ச தப்பு, அதனால வேண்டாம்னேன். இவளைப் பத்தி ஏன்டி பொய் சொன்னே? அனுப்ப மனசில்லையா?"

"மனசில்லைதான்டி" என்றேன். "அதுக்காக இவ தப்பைச் சொல்லியிருந்தா நீ வேண்டாம்பே, இவ என்கூடவே இருந்திருப்பா. இவ போகணும்னுதான் பொய் சொன்னேன்."

கட்டில்களில் தொங்கிய கால்கள்கூட அசையவில்லை.

"நாளைக்கே அனுப்பச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் தராசு. "ரெண்டு நாள் கழிச்சு அனுப்பு. அந்த ரெண்டு நாள் உனக்கு வேணும்."

வைத்துவிட்டாள். ஆண்கள் சாப்பாட்டுத் தட்டுகளைக் கட்டில் கம்பியில் தட்டி ஆரவாரம் செய்தார்கள். ஒரு சத்தமும் எழுப்பாத அந்தப் பெண், வார்டுக்கு நடுவில் நின்று குழந்தை மாதிரி ஓவென்று அழுதாள். அவளை அதட்டப் போன நானும் அழுதுவிட்டேன். அவள் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன்.

"கேட்ட வேலைதான் கிடைச்சிருச்சே, அப்புறம் எதுக்கு ரெண்டு பேரும் அழறீங்க?" என்று பெயிண்டர் கேட்டார்.

வாயை மூடிக்கொண்டு படுக்கச் சொல்லிக் கத்தினேன். அன்று அந்த வார்டில் ஒருத்தரும் எனக்குப் பயப்படவில்லை.